குழந்தைகளும் சிறு சுரங்கத் தொழிலாளர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையால் குழி தோண்டித் தங்கமோ மைக்காவோ கல்லோ எடுத்துப் பிழைக்கும் ஊர்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. அங்கே குழந்தைகளுக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும் சிறு தொண்டு அமைப்புகள் வேலை செய்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

சிறு சுரங்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பெரிய இயந்திரம் இல்லாமல், கம்பெனி இல்லாமல், மண்வெட்டி, கடப்பாரை, சுத்தியல், சல்லடை, வாளி ஆகியவற்றை வைத்துக்கொண்டு குடும்பமாகவோ சின்னக் கூட்டமாகவோ கனிமம் எடுப்பதை. தங்கம், கோபால்ட், மைக்கா, வண்ணக் கற்கள், கட்டடக் கல், மணல் என்று எதுவாகவும் இருக்கலாம். உலக வங்கியின் கணக்குப்படி 80 நாடுகளில் 4 கோடிக்கும் அதிகமானோர் இந்த வேலையை நேரடியாகச் செய்கிறார்கள். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெண்.

பெரும்பாலானோரிடம் உரிமம் இல்லை. அதனால் சட்டத்தின் கண்ணில் பலர் திருடர்கள். ஆனால் உலகத்தில் எடுக்கப்படும் தங்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவர்கள் கை வழியாகத்தான் வருகிறது.

குழந்தைகள் அங்கே என்ன வேலை செய்கிறார்கள்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, சுரங்கங்களிலும் குவாரிகளிலும் சுமார் 10 லட்சம் குழந்தைகள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறது. ஐந்து, ஆறு வயதில் பொறுக்குவதில் ஆரம்பிக்கும். ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடீ பக்கம் கைவிடப்பட்ட மைக்காச் சுரங்கங்களின் கழிவு மேடுகளில் பளபளக்கும் துணுக்குகளைப் பொறுக்கிக் கூடையில் சேர்ப்பார்கள். அதற்கு அங்கே 'டிப்ரா' என்று பெயர். காங்கோவின் கொல்வேசி பக்கம் கோபால்ட் தாதுவைப் பொறுக்கி, பிரித்து, தண்ணீரில் அலசுவார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் சுமை தூக்குவது, கல் உடைப்பது. உடம்பு ஒல்லியாக இருப்பதால் குறுகிய குழிக்குள் இறக்கப்படும் பையன்களும் உண்டு. பெண் குழந்தைகள் தண்ணீர் சுமப்பார்கள், சமைப்பார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வார்கள். இது கணக்கில் வருவதே இல்லை. பள்ளிக்கூடம் போகாததற்கு இதுவே முதல் காரணமாக இருந்தாலும்.

சட்டம் என்ன சொல்கிறது?

18 வயதுக்குக் கீழே யாரும் சுரங்கத்தில் இறங்கக் கூடாது என்பதுதான் பொதுவான நிலை. குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களைத் தடை செய்யும் 182-ஆவது உடன்படிக்கை 1999-இல் வந்தது. 2020 ஆகஸ்ட் மாதத்தோடு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உறுப்பு நாடுகள் அத்தனையும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. இந்தியாவிலும் 1952-ஆம் வருடச் சுரங்கச் சட்டம் இதைச் சொல்லிவந்தது, 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் தெளிவாகவே சொல்கிறது.

சட்டத்தில் குறையில்லை. குழி வரைக்கும் அது போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் போலீஸை வைத்துக் குழந்தைகளை மீட்டுவிடலாமே?

கடத்தி வரப்பட்ட குழந்தை, கொத்தடிமையாக அடைக்கப்பட்ட குழந்தை என்றால் மீட்கத்தான் வேண்டும். அதில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆனால் பெரும்பாலான குழந்தைகள் யாராலும் கடத்தப்பட்டவர்கள் இல்லை. அம்மா அப்பாவோடு காலையில் நடந்து வந்தவர்கள். ஒரு நாள் ரெய்டு நடந்தால் அன்றைக்குக் குழிப்பக்கம் ஒரு குழந்தைகூட இருக்காது. மறுநாள் கொஞ்சம் தள்ளி, இன்னும் ஆழமான, இன்னும் மறைவான இடத்தில் வேலை நடக்கும். அப்புறம் அந்த ஊர்க்காரர்கள் வெளியாள் யாரோடும் பேச மாட்டார்கள், டீச்சரோடுகூட.

தொண்டு அமைப்பு ஒரு ஊருக்குள் போனதும் முதலில் என்ன செய்யும்?

நல்ல அமைப்பு என்றால் முதல் சில மாதங்கள் எதையும் கட்டாது, எதையும் கொடுக்காது. வீடு வீடாகப் போய் உட்காரும். எத்தனை பிள்ளைகள், யார் பள்ளிக்குப் போகிறார்கள், யார் நின்றார்கள், எந்த மாதத்தில் நின்றார்கள் என்று கேட்கும். இந்த 'எந்த மாதத்தில்' என்ற கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. மழை பெய்து குழியில் தண்ணீர் நின்றால் கூலி இல்லை, கடன் ஏறும். அறுவடை முடிந்து வயலில் வேலை இல்லாதபோது குடும்பமே குழிக்குப் போகும். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் மூத்த பிள்ளை பையை மாட்டுவதை நிறுத்தும். ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியை விட்ட நாள் ஒன்று இருக்கும். அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், என்ன உதவி வேண்டும் என்பதும் கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

பள்ளியை விட்டு மூன்று வருடம் ஆன குழந்தையை எப்படித் திரும்பச் சேர்ப்பது?

பத்து வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய் ஒன்றாம் வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகள் நடுவில் உட்கார வைத்தால், வெட்கத்திலேயே இரண்டாம் நாள் ஓடிவிடும். இதற்காக வந்தவைதான் இணைப்புப் பள்ளிகள். சில மாதங்கள், சில இடங்களில் ஒரு வருடம்வரை, தங்கிப் படித்துத் தன் வயதுக்குரிய வகுப்புக்குத் தயாராகிறது குழந்தை. அப்புறம் அரசுப் பள்ளியில் நேராக அந்த வகுப்பில் சேர்கிறது. ஆந்திராவில் சாந்தா சின்ஹா தலைமையில் எம்.வி. ஃபவுண்டேஷன் இந்த முறையை 1990-களில் பெரிய அளவில் செய்து காட்டியது. அதற்காக அவருக்கு 2003-இல் மகசேசே விருது கிடைத்தது.

சேர்த்ததோடு வேலை முடியாது. ஒரு குழந்தை இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் அந்த வீட்டுத் திண்ணையில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த யாராவது அதே ஊர்க்காரராக, முடிந்தால் குழியில் வேலை செய்து வளர்ந்தவராக இருந்தால் கதவு சீக்கிரம் திறக்கும்.

காலையில் பள்ளி, மாலையில் கொஞ்சம் வேலை என்று வைத்துக்கொள்ளக் கூடாதா? குடும்பத்துக்கும் உதவியாக இருக்குமே.

வீட்டு வேலையில் கை கொடுப்பது வேறு. சுரங்க வேலையில் இந்த 'கொஞ்சம்' கிடையாது. தங்கம் பிரிக்கும் பாதரசம் அரை மணி நேரம் பட்டாலும் பாதரசம்தான். குழியின் சுவர் மாலை நேரம் பார்த்துச் சரியாமல் இருக்கப்போவதில்லை. தவிர, கல் சுமந்த உடம்பு மறுநாள் வகுப்பில் தூங்கும். தூங்கும் பிள்ளை தோற்கும், தோற்ற பிள்ளை நிற்கும். இரவுப் பள்ளிகளை நல்லெண்ணத்தோடு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் முழு நேரப் பகல் பள்ளியைத் தவிர வேறெதையும் இலக்காக வைக்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

குழந்தைகளுக்கான அமைப்பு பெரியவர்களின் சுரங்க வேலையில் ஏன் பணத்தைப் போடுகிறது?

இந்தக் கேள்வியைத்தான் நன்கொடையாளர்கள் அதிகம் கேட்கிறார்கள். சில சமயம் கோபமாகவே. 'நோட்டுப் புத்தகத்துக்குக் கொடுத்தேன், நீங்கள் தராசு வாங்கியிருக்கிறீர்கள்' என்பார்கள்.

அந்தத் தராசைப் பற்றியே சொல்கிறேன். நாள் முழுக்கப் பொறுக்கியதை மூட்டையாகக் கட்டி வியாபாரியிடம் கொண்டுபோகிறார் ஒரு பெண். எடை போடுவது வியாபாரியின் தராசில். தரம் சொல்வதும் அவர்தான், விலை சொல்வதும் அவர்தான். போன மாதம் மருந்துச் செலவுக்கு முன்பணம் கொடுத்தவரும் அவரேதான். அதனால் வேறு ஆளிடம் விற்கவும் முடியாது. மூட்டைக்கு ஒரு பங்கு எடை அடிபட்டாலும், அந்தப் பங்கை ஈடுகட்ட இன்னொரு ஜோடி கை வேண்டும். வீட்டில் சும்மா இருக்கிற கை குழந்தையுடைய கைதான். ஊருக்கென்று பொதுவான தராசு ஒன்று இருந்தால், அந்தப் பெண் முதலில் அங்கே எடை போட்டு, எண்ணைத் தெரிந்துகொண்டு வியாபாரியிடம் போவார்.

முன்பணத்துக்கு மாற்று சேமிப்புக் குழு. 1991-இல் நைஜர் நாட்டில் கேர் அமைப்பு ஆரம்பித்த ஒரு முறை இன்றைக்குப் பல நாடுகளில் நடக்கிறது. இருபது, இருபத்தைந்து பேர் வாரம் ஒருமுறை கூடுவார்கள். நடுவில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம். மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். பணத்தை எல்லார் முன்னாலும் எண்ணிப் போட்டு, தேவைப்படுகிறவருக்கு அதிலிருந்தே கடன் கொடுப்பார்கள். வெளிப்பணம் ஒரு பைசா கிடையாது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த இரவில் வியாபாரி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய லாபம். நம் ஊர்ச் சுய உதவிக்குழுக்களைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.

பெற்றோரின் வருமானத்தில் கை வைக்காமல் குழந்தையை மட்டும் குழியிலிருந்து தூக்கினால், அந்த இடத்துக்கு அதன் தங்கை வந்து நிற்பாள்.

பாதரசம் என்று அடிக்கடி சொல்கிறார்கள். சுரங்கத்துக்கும் பாதரசத்துக்கும் என்ன சம்பந்தம்?

தங்கத்துக்கும் பாதரசத்துக்கும் சம்பந்தம். அரைத்த தாதுவை அலசியதும் தட்டில் கொஞ்சம் கரும்மணல் மிஞ்சும். அதில் பொடிப்பொடியாகத் தங்கம் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் பாதரசத்தை ஊற்றிக் கையால் பிசைவார்கள். தங்கத்தை மட்டும் பாதரசம் பிடித்துக்கொள்ளும். அதைத் துணியில் கட்டிப் பிழிந்தால் அதிகப்படிப் பாதரசம் வெளியே வரும், உள்ளே சாம்பல் நிறத்தில் சின்ன உருண்டை நிற்கும். அதைக் கரண்டியில் வைத்து நெருப்பில் காட்டினால் பாதரசம் புகையாகப் போய், மஞ்சளாகத் தங்கம் தெரியும். இந்தக் கடைசி வேலை பல வீடுகளில் சமைக்கும் அடுப்பிலேயே நடக்கிறது. புகைக்கு வாசனை கிடையாது. பக்கத்தில் குழந்தை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

அந்த ஆவி நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் தாக்கும். வயிற்றில் இருக்கும் கருவையும் விடாது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், மனிதர்கள் காற்றில் கலக்கும் பாதரசத்தில் ஏறத்தாழ 38 சதவீதம் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து வருவதாக இருக்கிறது. வேறெந்தத் தொழிலிலிருந்தும் இவ்வளவு வரவில்லை. 2013-இல் கையெழுத்தாகி 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, திறந்த வெளியில் உருண்டையை எரிப்பதையும் குடியிருப்புக்குள் எரிப்பதையும் ஒழிக்க வேண்டும் என்கிறது.

ஊரில் போய் 'பாதரசம் விஷம், விடுங்கள்' என்று சொன்னால் யாரும் விட மாட்டார்கள். பாதரசத்துக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள், அதில் தங்கம் கிடைக்கிறது. ஆகவே விவரம் தெரிந்த அமைப்புகள் காசிலிருந்தே பேச்சை ஆரம்பிக்கும். மூடிய இரும்புக் கலம் ஒன்று, அதிலிருந்து வளைந்து தண்ணீருக்குள் போகும் குழாய் ஒன்று. உருண்டையை அதில் வைத்துச் சூடாக்கினால் ஆவி குழாயில் குளிர்ந்து திரும்பப் பாதரசமாகச் சொட்டும். புகையாகப் போயிருக்கவேண்டியது கிண்ணத்தில் நிற்பதைத் தொழிலாளி பார்க்கிறார். அதை மறுபடி பயன்படுத்தலாம், மறுபடி வாங்க வேண்டாம். அவரை ஒப்புக்கொள்ள வைப்பது அந்தக் கிண்ணம்தான். இது பாதரசத்தைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. பிலிப்பைன்ஸின் பெங்கெட் பகுதியில் பாதரசமே இல்லாமல், வெங்காரம் (போராக்ஸ்) சேர்த்து உருக்கித் தங்கம் எடுக்கும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தாது ஒத்துவரும் இடங்களில் இதைக் கற்றுக்கொடுக்கும் அமைப்புகள் உண்டு. தொழிலாளியே தொழிலாளிக்குச் செய்து காட்டும்போது சீக்கிரம் பரவுகிறது.

குழந்தை குழிக்கே போகாவிட்டால் ஆபத்து இல்லைதானே?

இல்லை என்று சொல்ல முடியாது. நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் 2010-இல் நடந்ததைப் பாருங்கள்.

சில கிராமங்களில் சின்னக் குழந்தைகள் வலிப்பு வந்து அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் மலேரியா என்று நினைத்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் வந்து ரத்தத்தைச் சோதித்தபோது ஈயம் மிக அதிகமாக இருந்தது. அங்கே கிடைத்த தங்கத் தாதுவில் ஈயமும் கலந்திருந்தது. அதை வீட்டு முற்றத்தில் உடைத்து, மாவு அரைக்கும் இயந்திரங்களில் அரைத்திருக்கிறார்கள். தூசி முற்றத்தில் படிந்தது. தவழும் குழந்தை கையை மண்ணில் ஊன்றி, அதே கையை வாயில் வைத்தது. இறந்தவர்கள் 400-க்கும் அதிகம், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். அவர்கள் யாரும் எந்தக் குழிக்கும் போனவர்கள் அல்லர்.

ஈயத்தை உடம்பிலிருந்து இறக்க மருந்து உண்டு. ஆனால் வீடு சுத்தமாகும்வரை அந்த மருந்தால் பயனில்லை. சிகிச்சை முடிந்து அதே முற்றத்துக்குத்தான் குழந்தை திரும்பிப் போகும். ஆகவே மேல்மண்ணை அள்ளி எடுத்துப் புதைத்துவிட்டு நல்ல மண் கொட்டினார்கள். பகேகா என்ற ஊர் இதற்கான பணத்துக்காக 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை. மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், மண் அள்ளப் பணம் வரவில்லை என்று குழந்தைகள் காத்திருந்திருக்கிறார்கள்.

2015-இல் வேறொரு மாநிலத்தில் ஷிகிரா என்ற ஊரில் இதே நடந்தது, 28 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே தொழிலை நிறுத்தச் சொல்லவில்லை. தாதுவை ஊருக்கு வெளியே கொண்டுபோய் நனைத்து உடைப்பது, வேலை உடுப்பை அங்கேயே கழற்றிக் குளித்துவிட்டு வீட்டுக்கு வருவது என்று பழக்கினார்கள். தண்ணீரும் மாற்றுடுப்பும்தான் பாடம். இதைவிடக் குழந்தைநலப் பணி என்ன இருக்கிறது?

கல் குவாரிகளிலும் இப்படி ஆபத்து உண்டா?

உண்டு, மெதுவாக வரும். கல் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைக் கொடுக்கும். அதைக் குணப்படுத்த வழி இல்லை. காசநோயும் எளிதில் தொற்றும். பல இடங்களில் காசநோய் என்றே எழுதி அனுப்பிவிடுகிறார்கள், நிவாரணம் கிடைக்காமல் போகிறது. துளையிடும்போது தண்ணீர் விட்டால் தூசி வெகுவாகக் குறையும். வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, நுண்தூசி துணிக்குள் புகுந்துவிடும். அப்பா நாற்பதில் படுக்கையில் விழுந்தால் குவாரிக்குப் போவது மகன்தான் என்பதால், இதுவும் குழந்தைகளின் பிரச்சினையே.

சட்டவிரோதம் என்றால் சுரங்கத்தையே மூடிவிட வேண்டியதுதானே?

மூடிப் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவில் 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ஜார்க்கண்ட், பீகார் பகுதியில் பல மைக்காச் சுரங்கங்கள் மூடப்பட்டன. மைக்கா எடுப்பது நிற்கவில்லை. சம்பளப் பதிவேடு வைத்திருந்த சுரங்கம் போய், பதிவே இல்லாத பொறுக்கல் வந்தது, பொறுக்கக் குழந்தைகள் வந்தார்கள். காங்கோவின் கிழக்கு மாகாணங்களில் 2010 செப்டம்பரில் கைச்சுரங்க வேலையை அரசு நிறுத்தி வைத்தது. 2011 மார்ச் வரை தடை நீடித்தது. அந்த மாதங்களில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளைகளை நிறுத்திய குடும்பங்கள் உண்டு.

காடும் ஆறும் கெடுவது உண்மை. சில இடங்களில் தோண்டவே கூடாது என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூடுவதற்கு முன்னால் அடுத்த வேளைக்கு வழி இருக்க வேண்டும்.

மாற்று வழி நடந்திருக்கிறது. மங்கோலியாவில் கைச்சுரங்கக்காரர்களை 'நிஞ்ஜா' என்று கூப்பிடுவார்கள். தங்கம் அலசும் பச்சைப் பிளாஸ்டிக் கிண்ணத்தை முதுகில் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் கார்ட்டூனில் வரும் நிஞ்ஜா ஆமை மாதிரி இருக்குமாம். 2010-இல் அந்த நாடு அவர்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. குழுவாகப் பதிந்துகொண்டு, இடம் ஒதுக்கி வாங்கி வேலை செய்யலாம், தோண்டிய நிலத்தை மூடிச் சரிசெய்து கொடுக்க வேண்டும். நம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் 1990-களின் தொடக்கத்தில் கல்குவாரிக் குத்தகையை அங்கே கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே மாவட்ட நிர்வாகம் கொடுத்தது. அதுவரை ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு நின்றவர்கள் கணக்கு எழுதி லாரியில் ஏற்றினார்கள். உரிமம் கையில் இருப்பவர் அதிகாரியைக் கண்டு ஓட வேண்டாம், 'இங்கே குழந்தைகளை விடுவதில்லை' என்று குழுவாகத் தீர்மானமும் போடலாம். அந்த விண்ணப்பத்தை எழுத, வரைபடம் போட, அலுவலகத்துக்கு ஆறு நடை நடக்கத்தான் பல அமைப்புகளின் பாதி நேரம் போகிறது.

குழந்தை உழைப்பு கலந்த பொருளை நான் வாங்காமல் இருந்தால் உதவியா?

கோபம் நியாயமானது, பலன் எதிராகப் போகலாம். வாங்குகிறவர்கள் மொத்தமாக விலகினால் ஊரில் விலை விழும், வேலை நிற்காது. ஓ.இ.சி.டி. (OECD) எனப்படும் பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு, நிறுவனங்களுக்குத் தரும் வழிகாட்டுதலும், சிறு சுரங்கங்களை விட்டு ஓடாமல் கூடவே இருந்து நிலைமையைத் திருத்தத்தான் சொல்கிறது. நகை வாங்கும்போது 'இந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது' என்று கடையில் கேளுங்கள். ஃபேர்டிரேட், ஃபேர்மைண்ட் ஆகிய சான்றிதழ்கள் சிறு சுரங்கக் கூட்டமைப்புகளுக்கு விலைக்கு மேல் கூடுதல் தொகை கிடைக்கச் செய்கின்றன. எங்கும் கிடைப்பதில்லை. இருந்தாலும் பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு முன் கடைக்காரர் விசாரித்து வைத்திருப்பார்.

எந்த அமைப்புக்குப் பணம் கொடுக்கலாம் என்று எப்படி முடிவு செய்வது?

எத்தனை குழந்தைகளை மீட்டீர்கள் என்று கேட்காதீர்கள். போன வருடம் சேர்த்த குழந்தைகளில் இன்றைக்கு எத்தனை பேர் வகுப்பில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த எண் கைவசம் இல்லாத அமைப்பு இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். ஊழியர்களில் எத்தனை பேர் அந்த ஊர்க்காரர்கள், சம்பளமாக எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். சம்பளம் அதிகமாக இருந்தால் பயப்பட வேண்டாம். இந்த வேலையில் செலவே மனிதர்கள்தான். வீடு வீடாக நடக்கிறவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள், பெயர்ப் பலகை வைக்கலாம். மூன்றாவது வருடச் சம்பளத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். முடிந்தால் அதற்குக் கொடுங்கள், சிறு தொகையானாலும் மாதாமாதம்.

குழிக்குள் அழுக்கு முகத்தோடு நிற்கும் குழந்தையின் படத்தைப் பெயரோடு போட்டு நிதி திரட்டும் அமைப்பு என்றால் நான் ஒதுங்கிவிடுவேன். நாளைக்கு அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பில் உட்காரும்போதும் அந்தப் படம் கூடவே இருக்கும்.

நேரில் போய்ப் பாடம் சொல்லித்தரலாமா?

இரண்டு வாரத்துக்கு என்றால் வேண்டாம். பழகிய பிறகு விட்டுப் போகிறவர்களை அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டார்கள். கணக்கு எழுதுவது, விண்ணப்பம் தயாரிப்பது, மொழிபெயர்ப்பு, தண்ணீர் மண் பரிசோதனை என்று ஏதாவது தெரிந்தால் இருந்த இடத்திலிருந்தே செய்யலாம். இவற்றுக்கு எப்போதும் ஆள் தேவை.

ஒரு ஊரில் இந்த வேலை எத்தனை வருடம் நடக்கும்?

இரண்டு வருடத் திட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐந்தாம் வகுப்பில் திரும்பச் சேர்ந்த பெண் பத்தாவது எழுத ஏறக்குறைய ஆறு வருடம் ஆகும். அதுவரை ஒவ்வொரு மழைக்காலமும் அவள் வீட்டுக்கு ஒரு சோதனைதான். சேமிப்புக் குழு ஒரு சுற்று முடித்து, பணத்தைப் பிரித்துக்கொண்டு, யாரும் தூண்டாமல் அடுத்த சுற்றைத் தொடங்குவதே பெரிய கட்டம். பெற்றோர் கூட்டத்தில் 'டீச்சர் ஏன் மூன்று நாளாக வரவில்லை' என்று குழியில் வேலை செய்யும் ஒரு அம்மா எழுந்து நின்று கேட்டால், வெளியாட்கள் மெல்லக் கிளம்பலாம். அந்த அம்மாவிடம் வட்டாரக் கல்வி அலுவலகத்தின் ஃபோன் நம்பர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு.